ஸ்டூ அங்கர்: ஆட்டமும் கைமுதலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போக்கர் என்னும் பந்தயச் சீட்டாட்டத்தின் ஆட்டக்காரர் ஸ்டூ அங்கரைப் பற்றி அண்மையில் படித்தேன். போக்கர் உலகின் முக்கியப் போட்டித்தொடரான வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வென்றவர், கடைசி வெற்றிக்கு அடுத்த ஆண்டே லாஸ் வேகஸில் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்துகிடந்தார் என்பதை நம்ப முடியவில்லை. அவ்வளவு திறமை இருந்தும் கையில் பணம் தங்காமல் போனது அவருடைய தனிப்பட்ட வீழ்ச்சியா, அல்லது அந்தத் தொழிலின் இயல்பே அதுதானா? முதலில், அதைத் தொழில் என்று சொல்லலாமா?

ர.

அன்புள்ள ர,

தொழில் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதிர்ஷ்டத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டுதான் சொல்கிறேன். 1997 போட்டியின் கடைசி ஆட்டத்தையே பாருங்கள். அங்கரிடமும் எதிரே இருந்த ஜான் ஸ்ட்ரெம்ப்பிடமும் ஆளுக்கு ஓர் ஏஸ் இருந்தது. உடன் இருந்த சீட்டு ஸ்ட்ரெம்ப்புக்கு எட்டு, அங்கருக்கு நான்கு. ஏஸ், ஐந்து, மூன்று என்று முதல் மூன்று பொதுச்சீட்டுகள் (மேசை நடுவில் விரிக்கும், இருவருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகளில் முதல் மூன்று) விழுந்ததும் பந்தயம் ஏறி, ஸ்ட்ரெம்ப்பின் சில்லுகள் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) முழுவதும் நடுவுக்கு வந்துவிட்டன. இருவருக்கும் ஏஸ் ஜோடி என்றாலும் எட்டு நான்கைவிடப் பெரியது என்பதால், அந்த நிமிடத்தில் முந்தியிருந்தவர் ஸ்ட்ரெம்ப்தான். நான்காவதாக இன்னொரு மூன்று வந்தபோதும் நிலை மாறவில்லை. கடைசிச் சீட்டாக இரண்டு விழ, ஜோடிகளைவிட மேலான, ஏஸ் முதல் ஐந்து வரையிலான வரிசை சேர்ந்து அங்கர் வென்றுவிட்டார். இது அதிர்ஷ்டமேதான். ஆனால் அந்த இரண்டு வராமல் போயிருந்தாலும் அங்கர் வெளியேறியிருக்க மாட்டார், ஏனெனில் அதற்கு முந்தைய நாட்களின் ஆட்டத்தில் அவர் சேர்த்திருந்த சில்லுகள் எதிராளியினுடையவற்றைவிட மிக அதிகம். தோற்றாலும் தாங்கக்கூடிய இடத்தில் தன்னை முன்கூட்டியே வைத்துக்கொண்டதில்தான் அவருடைய திறமையைப் பார்க்கிறேன்.

தொழில்முறை ஆட்டக்காரரின் வாழ்க்கை முழுவதும் இந்தத் தாங்குதிறனைச் சுற்றியே அமைந்திருக்கிறது. கையில் இரண்டு ஏஸ்கள் இருந்து, எதிராளியிடம் இரண்டு ராஜாக்கள் இருந்து, இருவரும் எல்லாப் பணத்தையும் வைத்துவிட்டால், ஏஸ் வைத்திருப்பவர் செய்தது முற்றிலும் சரியான முடிவு; ஆயினும் நூற்றுக்குச் சுமார் 18 முறை அவர் தோற்பார். சரியாக ஆடியும் மாதக்கணக்கில் தோற்பது இந்தத் தொழிலில் வழக்கமான அனுபவம். அதனால் விவரமறிந்த ஆட்டக்காரர் தன் கைமுதலை வீட்டுச் செலவுக்கான பணத்திலிருந்து பிரித்து வைத்து, எந்த ஒரு மேசையிலும் அதில் சிறு பங்கைத் தாண்டி இறக்காமல், அது கரைந்தால் கௌரவம் பார்க்காமல் சிறிய பந்தய மேசைக்கு இறங்கிவிடுகிறார். நான் மிகவும் மதிப்பது இந்த இறங்குதலைத்தான்.

வெளியே தெரியும் பரிசுத்தொகைப் பட்டியல்களில் இவை எதுவும் தெரிவதில்லை. போக்கர் ஆட்டக்காரர் டேனியல் நெக்ரானு 2017 ஆம் ஆண்டுக்கான தன் கணக்கைத் தாமே வெளியிட்டார். அவ்வாண்டு அவர் வென்ற பரிசுகள் சுமார் 28 லட்சம் டாலர். போட்டிகளுக்குக் கட்டிய நுழைவுக்கட்டணம் அதைவிடக் கூடுதல், ஆகவே ஆண்டு முடிவில் நஷ்டம். உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவருடைய கணக்கு இது. பட்டியலில் காணும் தொகை முழுவதும் ஆடியவருக்கே போய்ச் சேர்கிறது என்றும் எண்ணவேண்டாம். கட்டணத்தை வேறொருவர் கட்டி, வென்றால் பங்கு பெறுவது இந்த உலகில் சாதாரண ஏற்பாடு. 1997 இல் அங்கருக்கான 10,000 டாலரைக் கட்டியவர் நண்பர் பில்லி பாக்ஸ்டர். 10 லட்சம் டாலர் பரிசில் பாதி அவருக்குப் போனது.

மீதிப் பாதி சில மாதங்களில் கரைந்தது. போதைப்பொருள் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. இன்னொரு பகுதி விளையாட்டுப் போட்டிகள் மீது கட்டிய பந்தயங்களில் போனது. இதைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. சீட்டு மேசையில் அங்கர் எதிராளியைவிட அதிகம் அறிந்தவர். ஜின் ரம்மி என்ற சீட்டாட்டத்தில் அவரோடு ஆட ஆள் கிடைக்காமல் போனதால்தான் போக்கருக்கே வந்தார். குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் அவருக்கு அப்படி எந்த மேல்கையும் இல்லை. அறிவால் ஈட்டிய பணத்தை அறிவு செல்லாத இடத்தில் இழந்துகொண்டே இருந்தார். எவ்வளவு பெரிய பரிசும் இதற்கு ஈடுகொடுத்திருக்காது.

போதையின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1990 முதன்மைப் போட்டியில் அவர் முன்னணியில் இருந்தார். மூன்றாம் நாள் விடுதி அறையில் நினைவிழந்து கிடந்தவரால் மேசைக்கு வர முடியவில்லை. விதிப்படி ஆட்டம் நிற்கவில்லை. சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயத்துக்கான சில்லுகளை அவருடைய குவியலிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆளில்லாத அந்த நாற்காலிதான் ஒன்பதாம் இடம் பெற்றது. அவர் முன்பே எவ்வளவு சேர்த்திருந்தார் என்பதற்கு இதைவிட வேதனையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

வீழ்ச்சி அங்கருடையதுதான், அதைத் தொழிலின் தலையில் கட்டுவது அதே தொழிலில் பல பத்தாண்டுகள் நிலைத்து, 89 வயதில் 2023 இல் மறைந்த டாயில் பிரன்சன் போன்றவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் விழுபவரைத் தடுக்கக்கூடிய எதுவும் அந்தத் தொழிலில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதச் சம்பளம் இல்லை, வேலைக்கு வராவிட்டால் விசாரிக்க மேலதிகாரி இல்லை. மேசையில் உடன் அமர்ந்திருப்பவர்களுக்கோ உங்கள் தளர்ச்சி வருமானம். பணத்தை வெறும் சில்லாகக் கருதிக் கலங்காமல் தள்ளும் மனநிலை இருந்தால்தான் பெரிய ஆட்டங்களில் அமர முடியும். எழுந்து வெளியே வந்ததும் அதே பணத்தை வாடகையாகவும் மருத்துவச் செலவாகவும் எண்ணக்கூடிய வேறொரு மனநிலை வேண்டும். அங்கருக்கு முதலாவது பிறவியிலேயே வாய்த்திருந்தது. இரண்டாவதை அவர் கற்கவில்லை, அவர் வென்றுகொண்டிருந்த காலத்தில் அதைக் கற்கவேண்டிய கட்டாயத்தை யாரும் அவருக்கு ஏற்படுத்தவும் இல்லை. பணம் தீர்ந்த ஒவ்வொரு முறையும், அவருடைய திறமையை நம்பி மறுபடியும் பணம் போட யாராவது ஒருவர் இருந்தார்.