கடைசி நிலக்கரிக்குப் பிறகு

வணக்கம் அக்கா,

பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடிவிட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தொழிற்புரட்சி பிறந்த நாடே நிலக்கரியை விட்டுவிட்டது என்றால், மற்ற நாடுகளால் ஏன் முடியவில்லை? மனம் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இருக்கிறது. ஆனால் முதலில் அந்த மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். 1882இல் லண்டன் ஹோல்போர்ன் வயடக்டில் எடிசனின் நிலையம் நிலக்கரியை எரித்து மின்சாரம் தரத் தொடங்கியது. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையம் நின்றதோடு அந்தக் கதை முடிந்தது. 2012இல்கூட அந்த நாட்டின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்துதான் வந்தது. பன்னிரண்டே வருடங்களில் இவ்வளவு மாற முடியும் என்று நான் நம்பியிருக்கவே மாட்டேன்.

சரி, அந்த இடத்துக்கு என்ன வந்தது? காற்றாலைகள் நிறைய வந்தன. ஆனால் எரிவாயு நிலையங்களை 1990களிலேயே வரிசையாகக் கட்டிவிட்டார்கள். பிரிட்டனை ஒட்டிய வட கடலில் எரிவாயு இருந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிவாயு விடும் கரியமில வாயு, நிலக்கரி விடுவதில் ஏறக்குறைய பாதிதான். (எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேன் வழியில் கசிவது இந்தக் கணக்கில் வராது.) 2013இல் கார்பன் விலை, அதாவது கரியமில வாயுவை வெளியிட நிலையங்கள் கட்ட வேண்டிய விலை, இதற்குக் கீழே போகக் கூடாது என்று அரசு வரம்பு வைத்தபோது, நிலக்கரிதான் அதிகம் அடிவாங்கியது.

எரிவாயு இன்னும் போகவில்லை. அதன் விலையை 2022இல் அந்த மக்கள் கொடுத்தார்கள். அங்கே மின்சாரச் சந்தையில், தேவையைச் சரிக்கட்டக் கடைசியாக ஓட்டப்படும் நிலையத்தின் செலவே எல்லோருக்குமான விலையாகிறது. பெரும்பாலான நேரம் அந்தக் கடைசி நிலையம் எரிவாயுதான். காற்று இலவசமாக வீசிக்கொண்டிருந்தது. ஆனால் எரிவாயு விலை எகிறியதும் வீடுகளின் மின்கட்டணமும் கூடவே எகிறியது. புதைபடிவ எரிபொருளை நம்பியிருப்பது என்றால் இதுதான் என்று நினைக்கிறேன். எரியும் அளவு குறைந்தாலும் பிடி விடுவதில்லை.

இனி உங்கள் கேள்வி. ராட்கிளிஃப் 1960களில் ஓடத் தொடங்கியது. போட்ட பணம் என்றோ திரும்பிவிட்டது. கெல்லிங்லி என்ற கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டதால், எதிர்த்து நிற்கச் சுரங்கத் தொழிலாளர்களும் அதிகம் மிஞ்சவில்லை. அவர்களின் ஊர்கள் பட்ட பாட்டை யாரும் வெற்றியாகச் சொல்ல வேண்டாம். ஆசிய நாடுகள் பலவற்றில் நிலையங்கள் புதியவை, கடன் பாக்கி இருக்கிறது, சுரங்கத்தை நம்பி மாவட்டங்களே இருக்கின்றன. சூரியன் மறைந்த பிறகு ஏறும் தேவைக்கு மின்சாரத்தைச் சேமித்துத் தரும் மின்கலமோ, நீரை மேலே ஏற்றி வைத்துப் பிறகு இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமோ போதுமான அளவு இன்னும் வரவில்லை.

மனமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. 2025க்குள் நிலக்கரியை நிறுத்துவோம் என்று பிரிட்டன் அரசு 2015லேயே நாள் குறித்துச் சொன்னது. அப்புறம் அந்த நாளை 2024க்கு முன்னே இழுத்தது, தள்ளிப்போடவில்லை. வட கடல் இல்லாத நாடும் இதைச் செய்யலாம்.