நுரைக் கான்கிரீட்டில் தேங்காய் நார் கலந்தால் பலம் கூடுமா?

நுரைக் கான்கிரீட்டில், அதாவது நுரைக் குமிழிகளைக் கலந்து எடை குறைத்த சிமெண்டுக் கலவையில், சமூகத் தோட்டத்துக்கு எடை குறைந்த செடித்தொட்டிகளும் நடைபலகைகளும் வார்க்க வேண்டும், கம்பிக்குப் பதில் தேங்காய் நார் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொட்டிக்குப் போதும். ஆள் ஏறி நிற்கும் பலகைக்கு நாரை நம்பாதீர்கள்.

கன மீட்டருக்கு 1000 கிலோ அளவிலான நுரைக் கான்கிரீட்டின் அழுத்த வலிமை பெரும்பாலும் 2 முதல் 5 மெகாபாஸ்கல்தான். நார் அதைப் பெரிதாகக் கூட்டாது, அளவு மீறினால் குறைத்துவிடும். விரிசல் விழுந்த பிறகு இரண்டு பக்கத்தையும் பிரியாமல் பிடித்துவைப்பதுதான் நாரின் வேலை. காயும்போது வரும் மயிரிழை வெடிப்பும், தொட்டி விளிம்பு பெயர்வதும் இதனால்தான் குறைகின்றன.

50 லிட்டர் கலவைக்கு: சிமெண்டு 10.5 கிலோ, ஸ்லாக் தூள் (இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடை அரைத்த தூள்) 10.5 கிலோ, சலித்த நைஸ் மணல் 21 கிலோ, தண்ணீர் 10.5 லிட்டர், நுரை சுமார் 25 லிட்டர், நார் 180 கிராம். நார் இவ்வளவுதானா என்று தோன்றும். கன அளவில் அது 0.3 விழுக்காடு. 0.5-ஐத் தாண்டினால் நார் உருண்டை உருண்டையாகத் திரண்டு, அந்த இடங்களில் ஓட்டை விழும்.

பாதி வெற்றி நாரைத் தயார் செய்வதில் இருக்கிறது. தோட்டக் கடைகளில் விற்கும் நார்த்தூள் வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சும் பஞ்சு. நீள நாரை வாங்கி 25 மில்லிமீட்டராக நறுக்குங்கள். இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இறங்கும் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். அந்தச் சாயத்தாலும் நாரில் இருக்கும் சர்க்கரையாலும்தான் சிமெண்டு இறுகாமல் இழுத்தடிக்கும். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் பிடிப்பு இன்னும் கூடும்தான். ஆனால் வீட்டுச் சமையலறையில் செய்யும் வேலை அல்ல அது, வெந்நீரே போதும். காயவைத்து 180 கிராம் நிறுத்தெடுத்து, மறுபடி நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்தபின் கலவையில் போடுங்கள். காய்ந்த நாரைப் போட்டால் அது கலவையின் தண்ணீரையும் குமிழிகளின் ஈரத்தையும் குடித்துவிடும், நுரை அமுங்கிவிடும்.

வரிசை முக்கியம். முதலில் சாந்து, அதில் நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும், நுரை கடைசியில். நுரை சேர்த்தபின் வெள்ளைக் கோடு மறையும்வரை மெதுவாகப் புரட்டினால் போதும். பாத்திரம் கழுவும் சோப்பு நுரை நிற்காது, கான்கிரீட்டுக்கென்று விற்கும் நுரை திரவமே வேண்டும். தேங்காய் நாருக்குப் பதில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நாரை எடுத்தால், அதில் எண்ணெய் மிச்சம் இருந்தால் அதுவும் குமிழியை உடைக்கும்.

வார்க்கும் முன் ஒரு லிட்டர் குவளையில் கலவையை வழித்து நிறுங்கள். உள்ளே இருப்பது 1.05 முதல் 1.15 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நுரை செத்துவிட்டது, இன்னும் நுரை சேருங்கள். ஸ்லாக் மெதுவாக இறுகும், அதனால் இரண்டு நாள் கழித்து அச்சைக் கழற்றி, ஒரு வாரமாவது பிளாஸ்டிக் தாளில் சுற்றிவையுங்கள்.

ஸ்லாக்கை ஏன் பாதி வைக்கிறோம்? சிமெண்டுக்குள் இருக்கும் நீரின் பிஎச் 12.5-க்கு மேல். அந்தக் காரம் நாருக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருளைக் கரைக்கும், சுண்ணாம்பு நாரின் உள்குழிக்குள் படிந்து அதை மொறுமொறுவென்று ஆக்கிவிடும். காலையில் வெயில், மாலையில் மழை என்று மாறும் சிங்கப்பூரில் இது வேகமாக நடக்கும். ஸ்லாக் அந்தச் சுண்ணாம்பைக் குறைக்கிறது. தொட்டியின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் நீர்புகாப் பூச்சு கட்டாயம்.

கூடவே 4×4×16 சென்டிமீட்டரில் சில துண்டுகள் வார்த்துவையுங்கள். 28 நாள் கழித்து ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தைப் பாருங்கள். நார் ஓரளவு நீட்டிக்கொண்டு, மேலே சிமெண்டுத் துகள் ஒட்டியிருந்தால் நல்ல பிடிப்பு. வழுவழுப்பாக உருவி வந்திருந்தால் சரியாகக் கழுவவில்லை. மற்றவற்றைத் தொட்டிகளின் பக்கத்திலேயே மழையிலும் வெயிலிலும் போட்டு, ஆறு மாதம் கழித்து உடையுங்கள். அப்போது நார் முகத்தோடு முகமாக அறுந்திருந்தால் காரம் அதைத் தின்றுவிட்டது. அடுத்த முறை ஸ்லாக்கைக் கூட்டி, பூச்சையும் இன்னொரு கை அடியுங்கள்.