கைனசின் ஏன் பாதிவழியில் கழல்கிறது?

கேள்வி: செல்லுக்குள் சரக்கு சுமக்கும் மோட்டார் புரதமான கைனசின், நுண்குழல் என்ற மெல்லிய புரதக் குழாய்மீது நடந்துபோகிறது என்கிறார்கள். வழியில் பழுதோ தடையோ இருந்தால் என்ன செய்யும்?

பதில்: பெரும்பாலும் கழன்றுவிடும். நுண்குழலில் டியூபுலின் என்ற புரதத்தின் இணைகள் 8 நானோமீட்டர் இடைவெளியில் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. பொதுவாக 13 வரிசைகள் சேர்ந்து ஒரு குழல். கைனசின்-1 என்ற வகை ஒரே வரிசையைப் பிடித்துக்கொண்டு, காலடிக்கு ஒரு ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு, ATP) செலவழித்துப் போகும். தடையே இல்லாதபோதும் சராசரியாக 100 காலடி, அதாவது சுமார் 1 மைக்ரோமீட்டர்தான் தாங்கும்.

காரணம் அதன் இரண்டு தலைகளில் இருக்கிறது. (பெயர்தான் தலை, செய்வது காலின் வேலை.) ஏடிபி இருக்கும்போது தலையின் பிடி இறுகும். ஏடிபி உடைந்து, ஒரு பாஸ்பேட் வெளியேறி, இரு பாஸ்பேட் கொண்ட எச்சம் (ADP) மட்டும் நின்றதும் பிடி தளரும். அதற்குள் முன்தலை அடுத்த இடத்தில் ஊன்றியாக வேண்டும். அங்கே நுண்குழலில் ஒட்டிக்கொள்ளும் டௌ புரதம் உட்கார்ந்திருந்தாலோ, ஒரு டியூபுலின் இணை விடுபட்டிருந்தாலோ, முன்தலை தேடிக்கொண்டே இருக்கும். பின்தலையின் பாஸ்பேட் காத்திருக்காது. இரண்டு பிடியும் ஒரேசமயம் தளர, மோட்டார் மிதந்து போய்விடும்.

கைனசின்-2 என்ற இன்னொரு வகை இந்த இடத்தில் சற்றுக் கெட்டி. தலையையும் உடலையும் இணைக்கும் கழுத்துத் துண்டு கைனசின்-1இல் 14 அமினோ அமிலம், இதில் 17. எட்டிப் பக்கத்து வரிசைக்குத் தாவ அந்த மூன்று போதும். ஆனால் கழுத்து நீண்டால் இரு தலைகளின் ஒத்திசைவு குறையும். தடையற்ற பாதையில் கைனசின்-1 அளவுக்கு அது நீண்டதூரம் போவதில்லை. டைனீன் என்ற வேறொரு மோட்டார் புரதத்தின் காலடி ஒரே அளவில் இராது. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் வைக்கும். டௌவைச் சந்தித்தால் அது கழல்வதைவிடத் திரும்பி நடப்பதே அதிகம்.

கேள்வி: ஒளிரும் சாயம் ஏற்றிய கைனசினின் ஓட்டம் (கழலும்வரை போகும் தூரம்) எங்கள் சோதனையில் மிகக் குறைவாக வருகிறதே?

பதில்: முதலில் லேசர் வலிமையைப் பாதியாக்கிப் பாருங்கள். ஓட்டம் நீண்டால், மோட்டார் கழலவில்லை, சாயம்தான் அணைந்திருக்கிறது. அடுத்து உப்பு: கைனசினும் டியூபுலின் வாலும் மின்னூட்டத்தால் ஈர்த்துக்கொள்பவை, உப்பு கூடினால் ஓட்டம் சுருங்கும். நுண்குழல்கள் 2, 3 மைக்ரோமீட்டரே இருந்தால் பல ஓட்டங்கள் முனையில் முடிந்துபோகும். அவற்றைக் கழலலாக எண்ணாதீர்கள். குறுகிய பிப்பெட் முனையால் உறிஞ்சினால் குழல்கள் உடையும். முனையை வெட்டி அகலமாக்கிக்கொள்ளுங்கள்.