டபுள் ஹார்ன் (எஃப், பி ஃபிளாட் என இரண்டு குழாய்ப் பக்கங்கள் கொண்ட பிரெஞ்சு ஹார்ன்) வாசிக்கிறேன். பரோக் கான்செர்ட்டோவை (பாக் காலத்தில், தனிக்கருவிக்கும் இசைக்குழுவுக்கும் எழுதியது) எதிலிருந்து தொடங்குவது? மேல் ஸ்வரங்கள் ஏன் வழுக்குகின்றன?

உங்கள் கேள்வியில் இருந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது: "வால்வு இல்லாத காலத்து இசை, எளிதாகத்தான் இருக்கும் என்கிறார்கள்." யார் சொல்லியிருந்தாலும் தவறு. வால்வு, அதாவது குழாயின் நீளத்தை மாற்றும் விரல்விசை, இல்லை என்பதால்தான் அது கடினம்.

ஹார்னில் வால்வு வந்தது 1810-களில். பாக் தன் முதல் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவில் இரண்டு வேட்டை ஹார்ன்களைச் சேர்த்து அர்ப்பணித்தது 1721-ல். அப்போது ஹார்ன் என்பது சுருட்டி வைத்த ஒரு நீளக் குழாய், அவ்வளவே. அதில் கீழே ஸ்வரங்கள் எட்ட எட்ட இருக்கும். 8-ஆம் ஹார்மோனிக்குக்கு (ஒரே குழாயில் இயல்பாக வரும் ஸ்வரங்களைக் கீழிருந்து எண்ணினால் எட்டாவது) மேலே போனால்தான் படிப்படியான ஸ்வர வரிசை கிடைக்கும். மெட்டு வேண்டுமென்றால் 8 முதல் 16 வரைதான் எழுத முடியும். பாக், அவர் காலத்து டெலமன் இருவரும் அந்த உயரத்திலேயே உலவுவதற்குக் காரணம் இதுதான்.

வழுக்கலுக்கும் அதுவே காரணம். பிராண்டன்பர்க்கில் ஏட்டில் எழுதிய உச்ச சி, ஒலியில் எஃப். எஃப் பக்கத்தில் அது 16-ஆம் ஹார்மோனிக். இருபுறமும் அரை ஸ்வரத்தில் பக்கத்து ஹார்மோனிக் காத்திருக்கிறது. உதடு இம்மி பிசகினால் அங்கே விழும். பி ஃபிளாட் பக்கத்தில் அதே ஒலி 12-ஆவது; இடைவெளி சுமார் ஒன்றரை அரைஸ்வரம். உயர் எஃப் டெஸ்கன்ட் ஹார்னில் (குழாய் குட்டையான, மேல் ஸ்வரங்களுக்கான ஹார்ன்) அது வெறும் 8-ஆவது. ஒரு முழு ஸ்வரத்துக்கும் சற்று அதிகம். இசைக்குழுக்களில் பிராண்டன்பர்க்குக்கு டெஸ்கன்ட் அல்லது மூன்று பக்கங்களும் சேர்ந்த டிரிபிள் ஹார்ன் எடுப்பது இதற்காகத்தான். அதைக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மொசார்ட்டின் 3-ஆம் ஹார்ன் கான்செர்ட்டோவை வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். டெலமனின் டி மேஜர் கான்செர்ட்டோவில் (பட்டியல் எண் 51:டி8) தொடங்குங்கள். டி ஹார்னுக்கு எழுதியது. எஃப் ஹார்னில் ஒரு மைனர் தேர்ட் (மூன்று அரைஸ்வரம்) கீழே படிக்க வேண்டும், எழுதிய சி உங்களுக்கு ஏ. ஆகவே உச்ச சி-யும் உங்கள் ஹார்னில் மேல் ஏ-தான், எட்டக்கூடிய உயரம். அடுத்து கிறிஸ்டோஃப் ஃபோர்ஸ்டரின் ஈ ஃபிளாட் கான்செர்ட்டோ. அதற்கு ஒரு முழு ஸ்வரம் கீழே. கூட வாசிக்க ஒருவர் கிடைத்தால் விவால்டியின் எஃப் மேஜர் இரட்டை ஹார்ன் கான்செர்ட்டோக்கள், பட்டியல் எண் ஆர்.வி. 538, 539. இதில் 538-ன் மெதுவான பகுதியில் ஹார்ன் ஓய்வில் இருக்கும், செல்லோ பாடும். உதட்டுக்கு அந்த இடைவெளி பெரிய வரம். பிராண்டன்பர்க் கடைசியில்தான்.

பயிற்சி முறை: எஃப் பக்கத்தில் 1, 2 வால்வுகளை அழுத்திப் பிடித்தால் உங்கள் ஹார்ன் டி ஹார்னாகிவிடும். 1, 2 சேர்க்கை சற்று கூர்மையாகக் கேட்டால் 3-ஐ மட்டும் அழுத்திப் பாருங்கள். ஈ ஃபிளாட்டுக்கு 1 மட்டும் போதும். விரலை அசைக்காமல், டெலமன் முதல் பகுதியை இப்படியே பாதி வேகத்தில் வாசியுங்கள். சிரமமாக இருக்கும், ஆனால் எந்த ஸ்வரம் எந்தப் படியில் இருக்கிறது என்று உதடு கற்றுக்கொள்வது இங்கேதான். ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாசித்த நேரம் அளவுக்கு ஓய்வு கொடுங்கள். அழுத்தி வாசித்து எட்டிய உச்ச ஸ்வரம் மேடையில் கைவிடும்.

இப்படி வாசிக்கும்போது 11-ஆவது ஹார்மோனிக் எஃப்-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில் நிற்கும். 13-ஆவது ஏ-க்குச் சுமார் 59 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரைஸ்வரம்) தாழ்ந்திருக்கும். 7, 14 இரண்டும் சுமார் 31 சென்ட் தாழும். உங்கள் தவறு அல்ல, குழாயின் இயல்பு. எஃப் வேண்டுமானால் கையால் ஹார்னின் மணியை, அதாவது விரிந்த வாயை, சற்று மூடுங்கள். ஏ-க்குக் கையைத் திறந்து உதட்டால் தூக்குங்கள்.

கச்சேரிக்கு வரும்போது வால்வுகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். டெலமனின் மேல் ஏ-க்கு பி ஃபிளாட் பக்கத்தில் 1, 2. திறந்து வாசித்தால் அது 10-ஆம் ஹார்மோனிக், 14 சென்ட் தாழும். டிரில்லுக்கு (பக்கத்து இரு ஸ்வரங்களை வேகமாக மாறி மாறி வாசிப்பது) மட்டும் வால்வு வேண்டாம்: 8-9, 9-10 ஆகியவை ஏறக்குறைய முழு ஸ்வர இடைவெளிதான், உதட்டு டிரில்லே அழகு. மேல் ஸ்வரத்திலிருந்து தொடங்குங்கள்.

பரோக் காலத்தில் கையே ஹார்னின் வாய்க்குள் போகவில்லை என்று யாராவது வருவார்கள். கைநுட்பத்தை டிரெஸ்டனின் ஹார்ன் கலைஞர் ஹாம்பெல் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் முறைப்படுத்தினார் என்பது வழக்கமான கூற்று, எனக்கும் தெரியும். நான் பேசுவது நவீன ஹார்ன் வைத்திருப்பவரிடம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். பல பதிவுகளின் உறையில் 'நேச்சுரல் ஹார்ன்' (வால்வு இல்லாத ஹார்ன்) என்று மட்டும் இருக்கிறது. குழாயில் விரல்துளை இருந்ததா என்ற தகவல் இல்லை. 11-ஐயும் 13-ஐயும் சரிசெய்யும் அந்தத் துளைகள் நம் காலத்து ஏற்பாடு, பாக் காலத்து ஹார்னில் கிடையாது. துளை வைத்து வாசிப்பது குற்றமில்லை. மறைப்பதுதான் தவறு: அதைக் கேட்டுவிட்டு, துளையில்லாத ஹார்னில் தன் எஃப் ஏன் கோணலாக ஒலிக்கிறது என்று மாணவர்கள் மனமுடைந்துபோகிறார்கள். ஒப்பிட்டுக் கேட்கும்போது வாசித்த கருவி எது என்று முதலில் விசாரியுங்கள்.