சாவி உடைந்த நாளில் வந்தவர்கள்

கேள்வி: பெரிய துன்பம் எதுவும் இல்லை, சாதாரண நாள் ஒன்று கெட்டுப்போனது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாளில் உங்களுக்குக் கைகொடுத்த நண்பர்கள் உண்டா? அவர்களுக்கு எப்படி நன்றி சொன்னீர்கள்?

உண்டு. ஆனால் அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு பழைய வழக்கைத் தீர்த்துக்கொள்கிறேன். "ஆபத்தில் உதவுகிறவனே உண்மையான நண்பன்" என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். ஆபத்து என்றால் யார்தான் வரமாட்டார்கள்? பல வருடங்களாக முகம் கொடுத்துப் பேசாத உறவினர்கூட ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார். அன்பு பாதி இழுத்துவரும் என்றால், வராவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் மீதியை இழுத்துவரும். பூட்டுக்குள் சாவி உடைந்துபோனதற்கு யார் வருவார்கள்? அதைச் சொல்லி லீவு கேட்க முடியாது. வராவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை, வந்தாலும் மெச்சப்போவதில்லை. அந்த நேரத்தில் வந்து நிற்கிறவருக்கு நம்மைத் தவிர வேறு காரணம் கிடையாது.

இன்னொன்று. இந்தச் சில்லறைத் தொல்லைகள் அத்தனை சில்லறையும் இல்லை. ஆலன் கேனர், ரிச்சர்ட் லாசரஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள் 1981-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 117 அன்றாடத் தொல்லைகளைப் பட்டியல் போட்டு, நடுத்தர வயதினர் 100 பேரிடம் மாதந்தோறும் கொடுத்து, உங்களைப் படுத்தியவற்றைக் குறியுங்கள் என்றார்கள். பொருளை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. சாவு, மணமுறிவு போன்ற பெரிய நிகழ்வுகளைக் கொண்டு ஒருவரின் மன உளைச்சலைக் கணிப்பதைவிட, இந்தத் தொல்லைகளைக் கொண்டு கணித்ததுதான் நன்றாகப் பொருந்தியது. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. சாவி உடைந்ததற்கா இப்படிக் கலங்கினோம் என்று கூசிக்கொண்டிருந்தவன் நான்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு காணொளிக் கூட்டம். ஆண்டுக் கணக்கை நான்தான் விளக்க வேண்டும். மடிக்கணினி வீட்டில் இருந்தது. வெளி வேலை முடித்து அரக்கப் பரக்க வந்து கதவைத் திறந்தேன். திறந்தேன் என்று சொல்லக்கூடாது, சாவியைத் திருகினேன். சாவியின் தலை என் விரல்களில் இருந்தது. மீதி பூட்டுக்குள் இருந்தது. மாற்றுச் சாவி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, வீட்டுக்குள். வெளியே இருந்திருந்தாலும் துவாரத்தைத் துண்டு அடைத்துக்கொண்டிருக்கும்போது அதை வைத்து என்ன செய்வது?

தோழிக்குப் போன் செய்தேன். "வருகிறேன்" என்றாள், வைத்துவிட்டாள். அலுவலக நண்பனுக்குச் செய்தேன். அவன் கேட்டது ஒரே கேள்வி. "கணக்குக் கோப்பு எங்கே இருக்கிறது?" சொன்னேன். அவனும் வைத்துவிட்டான். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, பூட்டுச் சரிசெய்கிறவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பார்த்தேன். கடைசியாகக் கிடைத்தவர், தான் வந்து சேர இருட்டிவிடும் என்றார். ஆனால் நல்ல மனிதர், போனிலேயே வழி சொன்னார்.

தோழி ஒரு டார்ச் விளக்கும் புருவம் திருத்தும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் "பதறாதே" என்று சொல்லவில்லை. (பதறுகிறவனிடம் பதறாதே என்பவர்களை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.) என் தோளில் தொங்கிய பையை வாங்கிக் கீழே வைத்தாள். அதுவரை அதைத் தோளிலேயே சுமந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு முழங்காலில் அமர்ந்து விளக்கைத் துவாரத்துக்கு நேராகப் பிடித்தாள்.

பூட்டுக்காரர் சொன்னதன் சாரம் இது, யாருக்காவது உதவும். துண்டை அவசரப்பட்டு இழுக்கக்கூடாது. சாவியை நுழைக்கும்போது துவாரம் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்கு முதலில் அதைத் திருப்ப வேண்டும். பாதி திரும்பிய பூட்டு துண்டை விடாது. மெல்லிய திருப்புளியால் மெதுவாகத் திருப்பி, பென்சில் முனையைச் சுரண்டிய தூளைக் கொஞ்சம் உள்ளே விட்டால் உராய்வு குறையும். அதன் பிறகுதான் இடுக்கி. பசை தடவிய குச்சியை உள்ளே விட்டு ஒட்டி இழுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள், பூட்டே ஒட்டிக்கொள்ளும்.

என் கை நடுங்கியது. இடுக்கி மூன்று நான்கு முறை வழுக்கியது. ஒவ்வொரு முறையும் விளக்கின் வட்டம் அசையாமல் அங்கேயே நின்றது. அவள் ஒன்றும் பேசவில்லை. துண்டு வெளியே வந்த பிறகுதான், "போன் பேசும்போது உன் குரல் எப்படி இருந்தது தெரியுமா?" என்று சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பை அதுவரை அடக்கி வைத்திருந்தாளே, அதையும் உதவிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். மாற்றுச் சாவி உள்ளே இருந்ததால் கதவைத் திறக்க நாங்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். இங்கே வேண்டாம். கூட்டத்துக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். என் முறை அப்போதுதான் வந்தது. நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல நேரம் எல்லாம் இல்லை. வரிசையில் முதலில் இருந்த என் பகுதியை நண்பன் கடைசிக்குத் தள்ளியிருக்கிறான். கோப்பைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு, நான் வரும்வரை தன் பகுதியை இழுத்து இழுத்துப் பேசியிருக்கிறான். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்கிறவன் அவன். இது எனக்குத் தெரிய வந்தது வேறொருவர் மூலம், அதுவும் சில நாள் கழித்து, "அன்றைக்கு அவருக்கு என்ன ஆயிற்று?" என்ற விசாரணையாக.

தோழியின் கதை வெளிவர இன்னும் நாளாயிற்று. ஒரு கடிதத்தைப் படிக்க அவள் கையை முழு நீளத்துக்கு நீட்டியதைப் பார்த்து, "கண்ணாடி இன்னும் மாற்றவில்லையா?" என்று கேட்டேன். "மாற்றத்தான் கிளம்பினேன், உன் சாவி உடைந்தது" என்றாள். கண் பரிசோதனைக்கு வாங்கி வைத்திருந்த நேரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதன் பின் அதற்கு நேரம் அமையவில்லை. சரியாகக் கண் தெரியாதவள்தான் எனக்கு விளக்குப் பிடித்திருக்கிறாள்!

நையால் போல்ஜர் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய இணையரும் தினமும் தனித்தனியாகக் குறிப்பு எழுதினார்கள். இணையர் "இன்று துணையாக இருந்தேன்" என்று எழுதியிருக்க, படிப்பவர் அதைக் கவனித்திராத நாட்களில்தான் அந்த உதவி அதிகம் பலித்தது. உதவி கண்ணில் படும்போது, நம்மால் முடியவில்லையே என்ற குத்தலும் கூடவே வருகிறது போலும்.

அப்படியென்றால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி சிக்கலாகிறது. நன்றாக உதவத் தெரிந்தவர் அதை மறைத்தும் விடுகிறார். மறைத்ததற்கு எப்படி நன்றி சொல்வது? நான் செய்வது இதுதான். நாள் கெட்டு, எப்படியோ ஒப்பேறிய பிறகு, "நல்லவேளை" என்று எங்கெல்லாம் மூச்சு விட்டேனோ அங்கெல்லாம் திரும்பிப் போய், இது தானாக நடந்ததா என்று விசாரிக்கிறேன். பாதிக்கு மேல் யாராவது ஒருவர் அகப்படுகிறார். அகப்பட்டவரிடம் பொத்தாம்பொதுவாக "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று சொல்லாமல், இன்னது செய்தாய், எனக்குத் தெரிந்துவிட்டது என்று எழுதுகிறேன்.

நண்பர்களுக்குள் நன்றி எதற்கு, அந்நியமாகப் படாதா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் தயங்கியிருக்கிறேன். அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் நன்றிக் கடிதம் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்குப் பெற்றவர்கள் சங்கடப்படவில்லை. மகிழ்ச்சியோ எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகம். ஆகவே கூச்சம் நம் பக்கத்தில்தான்.

தோழிக்கு எழுதியதோடு நிற்கவில்லை. கண் பரிசோதனைக்கு நானே நேரம் வாங்கி, கூடவே போய் உட்கார்ந்திருந்தேன். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பழையதே தேவலை" என்றாள்.

நண்பனுக்கும் விவரமாக எழுதினேன். நான் நினைத்த அளவுக்கு அவன் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்கப் பதிலே இல்லை. பிறகு வந்தது, அவனுடைய கணக்கில் நீளமான பதில்: "அன்றிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் என்னையே பேசச் சொல்கிறார்கள். பூட்டை மாற்று."