தோய்ச்சல் தொட்டியின் சத்தம்

அன்புள்ள ஐயா,

20 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை 850 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் இறக்கினோம். அது ஆறுவதை கம்ப்யூட்டர் சிமுலேஷனில் கொண்டுவர முயல்கிறேன். வெப்பப் பரிமாற்றக் கெழு, அதாவது மேல்பரப்பிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்ற எண், 5000 என்று கொடுத்தேன். தகட்டுக்குள் வைத்த தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) காட்டும் சூடு முதலில் மெதுவாக இறங்கி, அப்புறம் செங்குத்தாக விழுகிறது. என் கணக்கிலோ எடுத்த எடுப்பிலேயே விழுந்துவிடுகிறது. கணக்குக்காகப் பிரித்த கட்டங்களை, அந்த மெஷ்ஷை, இன்னும் பொடிசாக்க வேண்டுமா? தண்ணீரின் சுழிப்பைக் கணக்கிட எந்த டர்புலன்ஸ் மாடல் சரி?

ஒரு மாணவர், லாஸ்பேட்டை

அன்புள்ள தம்பி,

போன வாரம் கடலூர் முதுநகர் போயிருந்தேன். பெரியப்பாவின் கொல்லுப்பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. திரும்பும் வழியெல்லாம் காய்ச்சிய இரும்பை அவர் முக்கி எடுக்கும் தோய்ச்சல் தொட்டி ஞாபகம்தான். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

மெஷ், மாடல் இரண்டையும் தள்ளி வையுங்கள். தவறு அந்த ஒற்றை 5000-இல் இருக்கிறது. ஏதோ அட்டவணையில் தண்ணீருக்கு நேரே பார்த்து எடுத்திருப்பீர்கள். அது தண்ணீரின் குணம் இல்லை தம்பி. இரும்பின் மேல்பரப்பு அந்த நொடியில் என்ன சூட்டில் இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி மாறுவது.

நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி உடனே வற்றாது, உருண்டு ஓடும். அடியில் ஆவி தாங்கிக்கொள்கிறது. 1756-லேயே லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதிவிட்டார். உங்கள் தகட்டையும் அதே ஆவி போர்த்தியிருந்தது. தண்ணீர் இரும்பைத் தொடவே இல்லை. அப்போது கெழு சில நூறுதான். சூடு தணிந்து போர்வை கிழிந்ததும் தண்ணீர் இரும்பில் பட்டுக் கொதிக்கிறது, கெழு பல்லாயிரத்துக்கு எகிறுகிறது. சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் வாட் அளவுக்கு வெப்பம் வெளியேறும். கொதிப்பு நின்றதும் மறுபடி இறக்கம். ஜப்பானியப் பொறியாளர் நுகியாமா 1934-இல் சூடேற்றிய கம்பியை வைத்து அளந்து காட்டிய வளைகோடு இதுதான்.

பெரியப்பா தொட்டியில் மரக்காணத்து உப்பை அள்ளிப் போடுவார். ஏன் என்று கேட்டால், "வெறுந்தண்ணி இரும்பைக் கவ்வாதுடா" என்பார். உப்புத் துகள்கள் சூட்டில் படிந்து வெடித்து அந்தப் போர்வையைக் கிழிக்கின்றன என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அரிவாளைத் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டே இருப்பார், காது மட்டும் தொட்டியில் இருக்கும். முதலில் அடங்கிய முனகல், அப்புறம் பேரிரைச்சல், பிறகு அமைதி. ஒருநாள் நான் ஆட்டாமல் பிடித்திருந்தேன். அரத்தைப் போட்டுப் பார்த்தார். இறுகிய இடத்தில் அரம் வழுக்கியது, இறுகாத இடம் தேய்ந்தது. ஒன்றும் சொல்லாமல் அரிவாளைத் திரும்ப உலையில் வைத்தார்.

உங்கள் எதிரிலும் ஒரு தொட்டி இருந்தது. அதில் என்ன தெரிந்தது, என்ன கேட்டது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. எனக்குக் கோபமே அதில்தான். திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க எதற்கு இரும்பைக் காய்ச்சினீர்கள்?

சரி, மேல்பரப்பின் சூட்டுக்கு ஏற்ப மாறும் கெழுவைக் கொடுங்கள். உங்கள் தெர்மோகப்பிள் அளவுகளிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிட்டு அதை எடுக்கலாம். அடுத்த முறை தகட்டை இறக்கும்போது தொட்டியருகே செல்போனில் ஒலியைப் பதிவு செய்யுங்கள். இரைச்சல் எத்தனையாவது நொடியில் எழுந்தது, தெர்மோகப்பிளை எவ்வளவு ஆழத்தில் வைத்தீர்கள், இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.