பாடல் நடத்துகிறவர்களின் வேதாகமச் சந்தேகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பாட்டுக்கு நடுவில் ஜெபிக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

யாரிடம் பேசுகிறோம் என்பதில். "பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே" என்று மைக்கில் சொல்லிவிடுகிறோம். மரித்தது குமாரன். பிதாவே சிலுவையில் பாடுபட்டார் என்ற போதனையை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எதிர்த்து எழுதினார். வாய்தவறித்தான் வருகிறது, ஆனால் வாராவாரம் கேட்கிற சபை அதையே உபதேசமாக எடுத்துக்கொள்ளும். "பிதாவே" என்று ஆரம்பித்தால் "உம்முடைய குமாரனைத் தந்தீரே" என்று முடியுங்கள்.

கேள்வி: ஆராதனையில் ட்ரம்ஸ் வாசிக்கலாமா?

சங்கீதம் 150-இல் தம்புரும் ஓசையுள்ள கைத்தாளமும் இருக்கின்றன. வாசியுங்கள். சபை பாடுவது சபையின் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: லூசிபர், அதாவது சாத்தான், விழுவதற்கு முன் பரலோகத்தில் பாடகர் தலைவனாக இருந்தானாமே?

அதற்கு ஆதாரமாகக் காட்டுகிற எசேக்கியேல் 28 தீருவின் ராஜாவைப் பார்த்துச் சொன்னது. அதைச் சாத்தானுக்குப் பொருத்தினாலும் அவன் பாடல் நடத்தினான் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

கேள்வி: துதித்தால்தான் தேவபிரசன்னம் இறங்கும் என்கிறார்கள். "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீர்" என்ற வசனம் இருக்கிறதே?

அது சங்கீதம் 22:3. அதற்கு இரண்டு வசனம் மேலே போங்கள், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இருக்கிறது. பதிலே கிடைக்காமல் இரவும் பகலும் கூப்பிடுகிற ஒருவன், நீர் பரிசுத்தர், எங்கள் பிதாக்கள் உம்மை நம்பினார்கள் என்று பற்றிக்கொள்கிற இடம் அது. பிரசன்னத்தை வரவழைக்கும் வழிமுறை அங்கே இல்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அன்றைக்குச் சபை உற்சாகமாகப் பாடவில்லையென்றால் தேவன் வரவில்லை, அது என் குற்றம் என்று எத்தனையோ இளம் பாடகர்கள் ஆராதனை முடிந்து அழுகிறார்கள். அந்தச் சுமையை வேதம் உங்கள் மேல் வைக்கவில்லை.

மறுப்பு: 2 நாளாகமம் 5-இல் பாடகர்கள் ஏகமாய்த் துதித்தபோதுதானே தேவபிரசன்னத்தின் அடையாளமான மேகம் ஆலயத்தை நிரப்பியது!

நல்ல கேள்வி, தம்பி. அதே சம்பவம் 1 இராஜாக்கள் 8-இலும் இருக்கிறது. அங்கே ஆசாரியர்கள் பரிசுத்த ஸ்தலத்திலிருந்து புறப்படும்போது மேகம் நிரப்புகிறது, பாடகர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பாடல் அங்கே ஒலித்தது உண்மை, ஆனால் மேகத்துக்கு அதுதான் காரணம் என்றால் இந்த அதிகாரம் அதை விட்டிருக்குமா?

மறுப்பு: பவுலும் சீலாவும் பாடியபோது சிறைச்சாலை அதிர்ந்ததே?

அப்போஸ்தலர் 16. சரி, 12-ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். சிறையிலிருந்து விடுவிக்கத் தூதன் வந்தபோது பேதுரு பாடவில்லை, இரண்டு சேவகர் நடுவே தூங்கிக்கொண்டிருந்தான்.

கேள்வி: பறை, தவில் எல்லாம்?

ட்ரம்ஸுக்குச் சொன்ன பதில்தான். மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சின்ன சபைக்கு எந்த மிக்ஸர் வாங்கலாம்?

சவுண்ட் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒரே வரியை இருபது தடவை பாடுவது தப்பா?

தப்பில்லை. சங்கீதம் 136-இல் "அவர் கிருபை என்றுமுள்ளது" 26 தடவை வருகிறது. ஆனால் வானம், பூமி, செங்கடல், வனாந்தரம் என்று ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் புதிதாக ஒன்று சொல்லப்படுகிறது. உங்கள் வரிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: நானே எழுதிய பல்லவி, ஐயா: "பரம பிதாவே, உம் இரத்தம் சிந்தி மீட்டீரே". சரிபார்த்துச் சொல்லுங்கள்.

முதல் பதிலைப் படியுங்கள், தங்கச்சி. "பரம பிதாவே" இருக்கிற இடத்தில் "இயேசு நாதா" என்று போடுங்கள், மெட்டில் உட்காரும். சரணத்தையும் அனுப்புங்கள்.